எல்லா பாஸ்வேர்டும் ஒரே இடத்தில் இருக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 54. ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வங்கி, இமெயில், காப்பீடு, கடைகள், அலுவலகம் என்று அறுபதுக்கு மேல் ஆன்லைன் கணக்குகள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்வேர்டுதான். கடைசியில் மட்டும் அந்தந்தத் தளத்தின் பெயரில் ஒரு துண்டையும் ஒரு எண்ணையும் சேர்த்துக்கொள்வேன். முக்கியமானவற்றை ஒரு டைரியில் எழுதியும் வைத்திருக்கிறேன். எல்லா பாஸ்வேர்டையும் ஒரே பெட்டகத்தில் பூட்டி வைத்து, ஒரே ஒரு மாஸ்டர் பாஸ்வேர்டால் திறக்கும் பாஸ்வேர்டு மேனேஜர் என்ற மென்பொருளைப் போட்டுக்கொள்ளச் சொல்லி என் மகள் ரொம்ப நாளாக நச்சரிக்கிறாள். எல்லாவற்றையும் கொண்டுபோய் ஒரே இடத்தில் வைத்தால், அது போனால் எல்லாமே போய்விடாதா? அந்தக் கம்பெனியையே யாராவது ஹேக் செய்துவிட்டால்? அந்த ஒரு பாஸ்வேர்டை நான் மறந்துவிட்டால்? பிரௌசரே "சேமிக்கட்டுமா?" என்று கேட்கிறதே, அது போதாதா?

பதில்: அன்புள்ள வாசகிக்கு, மகள் சொல்வதைக் கேளுங்கள். பாஸ்வேர்டு மேனேஜர் போட்டுக்கொள்ளுங்கள். அதற்காக உங்கள் பயத்தைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம். அதில் பாதி மிகவும் நியாயமானது. தகவல் பாதுகாப்பு வேலையில் இருக்கும் நாங்களும் அதே கேள்விகளைத்தான் கேட்கிறோம்.

எல்லாம் ஒரே இடத்தில் இருக்கலாமா என்கிறீர்கள். இப்போது மட்டும் பல இடத்திலா இருக்கிறது? அறுபது கணக்குக்கும் அடியில் இருப்பது ஒரே பாஸ்வேர்டு. அதை அறுபது நிறுவனங்களிடம் கொடுத்து வைத்திருக்கிறீர்கள். எப்போதோ ஒரு பொருள் வாங்கிவிட்டு நீங்கள் மறந்தே போன ஏதோ ஒரு சின்னத் தளம் கவனக்குறைவாக இருந்தால் போதும். 2009-ல் ராக்யூ என்ற நிறுவனத்திலிருந்து 3 கோடிக்கும் அதிகமான பாஸ்வேர்டுகள் திருடு போயின. அங்கே அவற்றை எந்த மறைப்பும் இல்லாமல், மக்கள் அடித்த எழுத்துகள் அப்படியே தெரியும்படி வைத்திருந்தார்கள். பாஸ்வேர்டை ஊகிக்கும் கருவிகளில் அந்தப் பட்டியல் இன்றும் புழங்குகிறது.

இப்படி வெளியே வந்த இமெயில் முகவரியையும் பாஸ்வேர்டையும் யாரும் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அடித்துப் பார்ப்பதில்லை. ஒரு நிரல் அவற்றை எடுத்துக்கொண்டு வங்கி, இமெயில், கடை என்று தளம் தளமாக நுழைய முயலும். ஆயிரத்தில் ஒன்று திறந்தாலும் அவர்களுக்கு லாபம்தான். கணக்குகள் களவு போகும் வழிகளில் மிகச் சாதாரணமானது இது. உங்களை யாரும் குறிவைத்திருக்கவே வேண்டாம்.

தளத்தின் பெயரைச் சேர்த்துக்கொள்கிறேனே என்பீர்கள். ஒரு துணிக்கடைத் தளத்திலிருந்து உங்கள் பாஸ்வேர்டு "மல்லிகைதுணி7" என்று வெளியே வந்தால், வங்கிக்கு என்ன வைத்திருப்பீர்கள் என்று கண்டுபிடிக்கப் பெரிய மூளை வேண்டியதில்லை. முதல் எழுத்தைப் பெரிதாக்குவது, கடைசியில் எண்ணை மாற்றுவது, தளத்தின் பெயரை ஒட்டுவது என்று மனிதர்கள் செய்கிற மாற்றங்கள் எல்லாமே ஊகிக்கும் நிரல்களுக்கு ஏற்கெனவே சொல்லிக்கொடுக்கப்பட்டவை. ட்ராய் ஹன்ட் என்பவர் 2013-ல் தொடங்கிய "ஹேவ் ஐ பீன் போன்ட்" என்ற தளத்தில் உங்கள் இமெயில் முகவரியைக் கொடுத்துப் பாருங்கள். அது எந்தெந்தக் கசிவுகளில் அகப்பட்டிருக்கிறது என்று காட்டும். பழைய முகவரி என்றால் ஒன்றிலாவது இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

டைரியைப் பற்றி நான் கேலி செய்ய மாட்டேன். தாளில் எழுதியதைத் தூரத்து நாட்டிலிருந்து யாரும் திருட முடியாது. ப்ரூஸ் ஷ்னையர் போன்ற பெரிய பாதுகாப்பு வல்லுநரே, நல்ல பாஸ்வேர்டாக வைத்து அதைத் தாளில் எழுதி பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள் என்று 2005-ல் சொல்லியிருக்கிறார். டைரியின் சிக்கல் வேறு. அறுபது கணக்குக்கும் இருபது எழுத்தில் அர்த்தமில்லாத பாஸ்வேர்டு வைத்து, ஒவ்வொரு முறையும் பார்த்துப் பார்த்து அடிக்க யாருக்கும் பொறுமை இருக்காது. கை தானாகவே சுருக்கமானதை, பழையதை, ஒரே மாதிரியானதைத் தேடிப் போகும். நீங்கள் இப்போது அங்கேதான் இருக்கிறீர்கள்.

சரி, கம்பெனியையே ஹேக் செய்துவிட்டால்?

இதற்குப் பதில் சொல்ல, உள்ளே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். ஒழுங்காகக் கட்டப்பட்ட பாஸ்வேர்டு மேனேஜரில் நீங்கள் அடிக்கும் மாஸ்டர் பாஸ்வேர்டு உங்கள் போனையோ கம்ப்யூட்டரையோ விட்டு வெளியே போவதில்லை. அதை வைத்து உங்கள் கருவியிலேயே ஒரு சாவி தயாராகிறது. வேண்டுமென்றே மெதுவாகத் தயாராகிறது. ஒரே கணக்கை லட்சக்கணக்கான முறை திரும்பத் திரும்பப் போட்ட பிறகுதான் சாவி கிடைக்கும். பரவலாகப் பயன்படும் ஒரு முறைக்கு இன்று பரிந்துரைக்கப்படும் அளவு 6 லட்சம் சுற்று. உங்களுக்கு அது ஒரு கணம். கோடிக்கணக்கில் ஊகித்துப் பார்ப்பவனோ ஒவ்வொரு ஊகத்துக்கும் அந்த 6 லட்சம் சுற்றையும் முடித்தாக வேண்டும். அந்தச் சாவியால் பூட்டப்பட்ட பிறகுதான் உங்கள் பெட்டகம் கம்பெனியின் சர்வருக்குப் போகிறது. அவர்களிடம் இருப்பது படிக்க முடியாத எழுத்துக் குப்பை. அவர்களாலேயே திறக்க முடியாது.

இது வெறும் விளம்பர வாசகமா என்று சோதிக்கும் சந்தர்ப்பமும் வந்தது. 2022-ல் லாஸ்ட்பாஸ் என்ற பெரிய நிறுவனத்துக்குள் ஆகஸ்டில் ஒருவர் நுழைந்தார். அங்கே கிடைத்த தகவலை வைத்து மறுபடியும் நுழைந்து, வாடிக்கையாளர்களின் பெட்டகப் பிரதிகளையே எடுத்துக்கொண்டு போனார். டிசம்பரில் நிறுவனம் இதை ஒப்புக்கொண்டது. நீங்கள் பயப்படுகிற அதே சம்பவம்தான்.

அதில் பாஸ்வேர்டுகள் பூட்டிய நிலையிலேயே இருந்தன. நீளமான, எங்கும் பயன்படுத்தாத மாஸ்டர் பாஸ்வேர்டு வைத்திருந்தவர்களின் பெட்டகம் திருடனிடம் இருந்தாலும் அவனுக்குப் பயனில்லை. பலவீனமானதை வைத்திருந்தவர்களுக்கு அந்த நிம்மதி இல்லை. அவன் அவசரப்பட வேண்டியதே இல்லை, பிரதியை வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் முயலலாம். இன்னும் இரண்டு குறைகளும் வெளிச்சத்துக்கு வந்தன. யார் எந்தெந்தத் தளத்தில் கணக்கு வைத்திருக்கிறார்கள் என்ற முகவரிகள் பூட்டப்படவே இல்லை. ரொம்ப காலத்துக்கு முன் சேர்ந்தவர்கள் சிலரின் கணக்குகளில் அந்தச் சுற்று எண்ணிக்கை 5,000 என்ற பழைய அளவிலேயே கிடந்தது. நிறுவனம் அதை உயர்த்தி வைத்திருக்க வேண்டும், வைக்கவில்லை. இதை நான் மன்னிக்கக்கூடிய தவறாக நினைக்கவில்லை.

அந்த இரண்டாவது நுழைவு எப்படி நடந்தது தெரியுமா? அந்த நிறுவனத்தின் மூத்த பொறியாளர் ஒருவருடைய வீட்டுக் கம்ப்யூட்டரில், புதுப்பிக்காமல் விட்டிருந்த வேறு ஏதோ ஒரு மென்பொருளின் ஓட்டை வழியாக, அடிக்கும் எழுத்துகளைப் பதிவுசெய்யும் நிரல் ஒன்றைப் புகுத்தினார்கள். அவர் தன் மாஸ்டர் பாஸ்வேர்டை அடித்தார், அது பதிவாகிவிட்டது. கருவியே கெட்டுப்போயிருந்தால் எந்தப் பெட்டகமும் காப்பாற்றாது. போன், கம்ப்யூட்டர் இரண்டிலும் அப்டேட் வந்தால் தள்ளிப்போடாமல் போட்டுவிடுங்கள். கண்ட இடத்திலிருந்து இலவச மென்பொருளை இறக்காதீர்கள்.

ஆகவே எந்தக் கம்பெனியும் ஒருநாள் ஹேக் ஆகும் என்று வைத்துக்கொண்டே தேர்ந்தெடுப்போம். பிட்வார்டனின் மூல நிரல் யாரும் பார்க்கும்படி திறந்திருக்கிறது, இலவசக் கணக்கே உங்களுக்குப் போதும். ஒன்பாஸ்வேர்ட் கட்டணச் சேவை. மாஸ்டர் பாஸ்வேர்டோடு உங்கள் கருவிகளில் மட்டும் இருக்கும் இன்னொரு நீண்ட ரகசியச் சாவியையும் அது கேட்பதால், சர்வரிலிருந்து பெட்டகத்தை மட்டும் திருடியவனால் ஒன்றும் செய்ய முடியாது. யாருடைய சர்வரும் வேண்டாம் என்றால் கீபாஸ்எக்ஸ்சி இருக்கிறது. எல்லாம் உங்கள் கம்ப்யூட்டரில் ஒரே கோப்பு. அதைப் பிரதி எடுத்து வைப்பது, போனுக்குக் கொண்டுபோவது எல்லாம் உங்கள் பொறுப்பு. மகள் எதைப் பயன்படுத்துகிறாரோ அதையே நீங்களும் எடுத்துக்கொள்வது நல்லது என்பேன். நடுவில் எங்காவது சிக்கிக்கொண்டால் காட்டிக்கொடுக்க ஆள் இருக்கும். மூன்றில் எது உயர்ந்தது என்று மண்டையை உடைத்துக்கொள்வதை விட அது முக்கியம்.

அந்த ஒரு பாஸ்வேர்டை மறந்துவிட்டால் என்று மூன்றாவதாக நீங்கள் கேட்டதுதான் உண்மையில் அதிகம் பயப்பட வேண்டிய விஷயம். பெட்டகத்தை உடைத்து உள்ளே போகிறவனை விட, தன் பெட்டகத்துக்கு வெளியே தானே மாட்டிக்கொண்டு நிற்கிறவர்கள் அதிகம். கம்பெனியிடம் சாவி இல்லை என்பதன் மறுபக்கம் இது. "மறந்துவிட்டேன்" என்று அழுதாலும் அவர்களால் திறந்து தர முடியாமல் போகலாம். அதனால் உங்கள் கவனத்தில் பெரும்பகுதியை மாஸ்டர் பாஸ்வேர்டில் செலவிடுங்கள்.

நீளமாக இருக்க வேண்டும், நினைவிலும் நிற்க வேண்டும். இதற்கு ஆர்னால்ட் ரைன்ஹோல்ட் என்பவர் 1995-ல் ஒரு முறையைச் சொன்னார். 7,776 சாதாரணச் சொற்கள் கொண்ட ஒரு பட்டியல், ஒவ்வொரு சொல்லுக்கும் ஐந்து இலக்க எண். பகடையை ஐந்து முறை உருட்டுங்கள். 4, 3, 1, 6, 2 என்று விழுந்தால் 43162-க்கு நேரே இருக்கும் சொல்தான் உங்கள் முதல் சொல். இப்படி ஆறு சொற்கள். சாத்தியமான சேர்க்கைகளின் எண்ணிக்கை 2 போட்டு அதன் பின்னால் 23 சைபர் போடும் அளவு. பட்டியலே திருடனின் கையில் இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது, ஏனென்றால் தேர்ந்தெடுத்தது பகடை. பகடை இல்லையென்றால் பாஸ்வேர்டு மேனேஜரிலேயே சொற்களைக் கோத்துத் தரும் வசதி பெரும்பாலும் இருக்கும். அது தருவதை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு சொல்லையும் சேர்த்து ஒரு விநோதமான காட்சியாக மனதில் ஓட்டிப் பார்த்தால் சீக்கிரம் பதிந்துவிடும்.

நீங்களாக யோசித்துப் போடாதீர்கள். பிடித்த பாட்டு வரி, பழமொழி, பிள்ளைகள் பெயரோடு பிறந்த வருஷம், எதுவும் வேண்டாம். தமிழில்தானே இருக்கிறது, யாருக்குத் தெரியப்போகிறது என்றும் நினைக்க வேண்டாம். தமிழ்ச் சொற்களைச் சேர்ப்பதாக இருந்தால் ஒன்றை முன்கூட்டியே முடிவு செய்துகொள்ள வேண்டும். ஆங்கில எழுத்தில் "மழை" என்று எழுத ஆளுக்கொரு விதம், நாளுக்கொரு விதம் இருக்கிறது. இன்று ஒரு மாதிரியும் ஆறு மாதம் கழித்து வேறு மாதிரியும் அடித்தால் பெட்டகம் திறக்காது. தமிழ் எழுத்திலேயே அடிக்கலாம் என்றால் புதிய கருவியில் தமிழ்க் கீபோர்டு இல்லாமல் திண்டாட நேரும்.

முடிவு செய்ததும் அதைத் தாளில் எழுதுங்கள். ஆமாம், எழுதத்தான் சொல்கிறேன். கொட்டை எழுத்தில், எது பெரிய எழுத்து, எங்கே இடைவெளி என்று தெளிவாக எழுதி, முக்கியமான பத்திரங்கள் வைக்கும் இடத்தில் வையுங்கள். முதல் இரண்டு வாரம் கைரேகையால் திறக்கும் வசதியை நிறுத்தி வைத்துவிட்டு, தினமும் முழுவதையும் அடித்தே திறங்கள். தொடக்கத்திலேயே கைரேகைக்குப் பழகியவர்கள்தான், போனை மாற்றும் நாளில் மாஸ்டர் பாஸ்வேர்டு நினைவில் இல்லாமல் தவிக்கிறார்கள். ஒருமுறை நன்றாக மனதில் ஏறிவிட்டால் அதை அடிக்கடி மாற்ற வேண்டியதில்லை. காரணமில்லாமல் மாதாமாதம் மாற்றச் சொல்லும் பழக்கத்தைக் கைவிடும்படி அமெரிக்கத் தரநிலை அமைப்பான என்ஐஎஸ்டி 2017-லேயே சொல்லிவிட்டது.

பலர் கவனிக்காத ஒரு சிக்கலை இங்கே சொல்லிவிடுகிறேன். பெட்டகத்துக்கு, பாஸ்வேர்டோடு இன்னொரு சான்றையும் கேட்கும் இரண்டு கட்டச் சரிபார்ப்பு வைப்பீர்கள், வைக்கவும் வேண்டும். புதிய போனில் திறக்கப் போனால், இமெயிலுக்கு ஒரு எண் அனுப்பியிருக்கிறோம், அதைக் கொடுங்கள் என்று கேட்கும். இமெயிலைத் திறக்கப் பாஸ்வேர்டு வேண்டும். இமெயில் பாஸ்வேர்டோ பெட்டகத்துக்குள் இருக்கிறது. போன் தொலைந்த அன்றைக்கு இதில் மாட்டினால் வெளியே வருவது மிகக் கடினம். ஆகவே மாஸ்டர் பாஸ்வேர்டு எழுதிய அதே தாளில் இமெயில் பாஸ்வேர்டையும், இரண்டு கட்டச் சரிபார்ப்பை வைக்கும்போது தருகிற மீட்புக் குறியீட்டையும் எழுதிவிடுங்கள். அந்தக் குறியீட்டை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போனிலேயே வைத்தால் போன் தொலையும்போது அதுவும் சேர்ந்து தொலைந்துவிடும்.

இனி பிரௌசர். குரோமிலோ சஃபாரியிலோ சேமிப்பது உங்கள் இப்போதைய வழியை விட நிச்சயம் மேல். ஆப்பிள் 2024-ல் பாஸ்வேர்டுகளுக்கென்றே தனிச் செயலி கொண்டுவந்துவிட்டது. ஒரே நிறுவனத்தின் கருவிகளை மட்டும் பயன்படுத்துகிறவர்களுக்கு இது போதும். நீங்கள் அலுவலகத்தில் ஒன்று, வீட்டில் ஒன்று, கையில் ஒன்று என்று வைத்திருப்பவர் என்றால் தனி மென்பொருள்தான் வசதி. திருட்டு நிரல்கள் உள்ளே புகுந்ததும் முதலில் தேடுவதும் பிரௌசர் சேமிப்பைத்தான். திறந்து கிடக்கும் கம்ப்யூட்டர் முன் வேறு யாராவது உட்கார்ந்தாலும், தனியாகப் பூட்டிக்கொள்ளும் பெட்டகத்தால் பலன் உண்டு.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஒரு நன்மை தானாகவே வந்து சேரும். எனக்கு இதுதான் பாஸ்வேர்டு மேனேஜரின் ஆகப் பெரிய பலமாகத் தோன்றுகிறது. "உங்கள் கணக்கு முடக்கப்படும்" என்று ஒரு செய்தி வருகிறது. பதறிப்போய் இணைப்பைத் தொடுகிறீர்கள். வங்கியின் பக்கம் மாதிரியே இருக்கிறது, அதே நிறம், அதே சின்னம். முகவரியில் ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கிறது, கண்ணுக்குத் தெரியாது. பாஸ்வேர்டு மேனேஜர் சின்னத்தைப் பார்ப்பதில்லை, சேமித்த முகவரியோடு இந்த முகவரி பொருந்துகிறதா என்று மட்டும் பார்க்கிறது. பொருந்தவில்லை, அதனால் வழக்கமாக நிரப்பும் கட்டத்தை நிரப்பாமல் சும்மா இருக்கிறது. அந்த நேரத்தில், "இது ஏன் வேலை செய்யவில்லை" என்று எரிச்சலோடு பெட்டகத்தைத் திறந்து, பாஸ்வேர்டைக் காப்பி செய்து ஒட்டிவிடாதீர்கள். கையை எடுத்துவிட்டு, வங்கியின் செயலியைத் தனியாகத் திறந்து பாருங்கள்.

மாற்றத் தொடங்கும்போது அறுபதையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடிக்கப் பார்க்க வேண்டாம். முதலில் இமெயில். மற்ற எல்லாக் கணக்கின் "பாஸ்வேர்டு மறந்துவிட்டதா?" இணைப்பும் அங்கேதான் வருகிறது. ஆகவே அதைப் பிடித்தவன் மற்றதையும் பிடித்துவிடுவான். அடுத்து வங்கியும் பணம் சம்பந்தப்பட்டவையும். மீதியை, அந்தந்தத் தளத்துக்கு எப்போது போகிறீர்களோ அப்போது மாற்றினால் போதும். ஒவ்வொன்றையும் மாற்றும்போது, புதிய பாஸ்வேர்டு பெட்டகத்தில் சேர்ந்துவிட்டதா என்று பார்த்துவிட்டு, வெளியே வந்து, மறுபடி உள்ளே போய்ப் பாருங்கள். தளத்தில் புதியது, பெட்டகத்தில் பழையது என்று ஆகிவிடுவது புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு அடிக்கடி நடப்பது. பிரௌசரில் ஏற்கெனவே சேமித்திருந்தால் கோப்பாக இறக்கி இங்கே ஏற்றலாம். அந்தக் கோப்பில் எல்லா பாஸ்வேர்டும் பூட்டில்லாமல் இருக்கும். ஏற்றி முடித்த கையோடு அழித்துவிட்டு, குப்பைத்தொட்டியிலிருந்தும் நீக்கிவிடுங்கள்.

அம்மா பிறந்த ஊர் எது, முதல் பள்ளி எது என்று கேட்கும் பாதுகாப்புக் கேள்விகளுக்கு உண்மையைச் சொல்ல வேண்டாம். உறவினர்களுக்கெல்லாம் தெரிந்த பதில்கள் அவை. பாஸ்வேர்டு மேனேஜர் தரும் அர்த்தமில்லாத எழுத்துகளையே பதிலாகப் போட்டு, அந்தக் கணக்கின் குறிப்பில் சேமித்துவிடுங்கள். சில தளங்கள் பாஸ்கீ, அதாவது பாஸ்வேர்டுக்குப் பதிலாகப் பயன்படும் டிஜிட்டல் சாவி, வேண்டுமா என்று கேட்கும், வேண்டும் என்று சொல்லலாம். அதையும் பாஸ்வேர்டு மேனேஜர்கள் இப்போது சேமிக்கின்றன. போலித் தளத்தில் அது வேலை செய்யாது.

உங்களுக்கு உடம்புக்கு முடியாமல் போனால் வீட்டில் யார் இதைத் திறப்பார்கள் என்பதையும் இப்போதே மகளிடம் பேசிவிடுங்கள். பிட்வார்டனின் கட்டணக் கணக்கில் அவசர அணுகல் என்று ஒன்று உண்டு. நீங்கள் நியமித்தவர் கேட்டதும் உங்களுக்குத் தகவல் வரும். நீங்கள் வைத்த நாள் கணக்குக்குள் மறுக்காவிட்டால் அவருக்குத் திறக்கும். அது இல்லாவிட்டாலும் குறையில்லை. அந்தத் தாள் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்தால் போதும்.

அலுவலகக் கணக்குகளை மட்டும் இந்தப் பெட்டகத்தில் சேர்க்காதீர்கள். அவை உங்கள் நிறுவனத்துக்குச் சொந்தமானவை. கணக்குப் பிரிவில் இருப்பதால் பணப் பரிமாற்றம் செய்யும் உரிமையும் உங்களிடம் இருக்கக்கூடும். அலுவலகத்தின் கம்ப்யூட்டர் பிரிவிடம், ஊழியர்களுக்கென்று பாஸ்வேர்டு மேனேஜர் வைத்திருக்கிறீர்களா என்று கேளுங்கள். இல்லை என்றால் ஒன்று ஏற்பாடு செய்யச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். அதுவரைக்கும் அலுவலகக் கணக்குகளில் உங்கள் பழைய பாஸ்வேர்டின் சாயல் எதுவும் இல்லாதபடி இந்த வாரமே மாற்றிவிடுங்கள்.